அக்கரம்

நாவில் தயிர்போல ஏதோ.
பால்தான் என்று நினைத்துத்
துவாய் நுனியால் துடைத்தேன்.
போகவில்லை.
அழுத்தித் துடைக்கச் சிவந்தது,
பிள்ளை வீரிட்டாள்.

"உது அக்கரம்" என்றா தயாநிதி அக்கா
மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து.
முதலாம் வகுப்புக்கு எழுத்துப் படிப்பிக்கிற எனக்குச்
சிரிப்பு வந்தது.
ஏடு தொடக்க முன்னமே
ஆர் வந்து எழுதினது இவளின் நாவில்,
வாசிக்க ஏலாத வெள்ளை எழுத்து?

சிரிப்பு இரண்டு நாள்.

மூன்றாம் நாள்
கொச்சிக்காய் கிள்ளின கை பட்டதுபோலக்
காம்பு எரிந்தது.
பிறகு எரிவு உள்ளுக்குப் போனது.
முலையின் அடியிலிருந்து முதுகுவரை
முள்ளுக்கம்பியை ஆரோ
ஆறுதலாக இழுத்தெடுப்பதுபோல.
அவள் குடிக்கும்போதல்ல,
குடித்து நித்திரையான பிறகு.
இருபது நிமிஷம்.
சுவர் மணிக்கூட்டில் பார்த்திருக்கிறேன்.

கொக்குவில் கிளினிக்கில் அவளை நிறுத்தார்கள்.
அட்டையில் கோடு மேலே போகுது, நல்லம் என்றார்கள்.
மஞ்சள் சொட்டு மருந்து, நாளுக்கு நாலுதரம்.
வெள்ளை போனது.
பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தது.
இன்னொரு போத்தல்.
போனது. வந்தது.
மூன்றாம் போத்தலிலும் அவளின் பெயர்தான் ஒட்டியிருந்தது.
வளர்ச்சி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
என் நோவுக்கு அதில் கட்டம் இல்லை.

சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை.
பால் சூடு என்றார்கள்.
நண்டு தின்றாயோ என்றார்கள்.
நிமலரூபன் டிப்போவால் வரும்போது
பால்மாப் பேணி ஒன்று வாங்கி வந்தான்,
என் முகத்தைப் பார்க்காமல் மேசையில் வைத்தான்.
அரிசி வாளிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.
திறக்கவுமில்லை, திருப்பிக் கொடுக்கவுமில்லை.

அவள் சிணுங்கினால்
முதலில் சுருளுவது என் கால்விரல்கள்.
ஒரு சாமத்தில்
இவள் எழும்பக் கூடாது என்று வேண்டினேன்.
வேண்டின வாய் மூட முன்னம்
மூச்சு வருகுதோ என்று
மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன்.
இதை ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

புதுசாக மாற்றலாகி வந்த தர்மினி மிஸ்ஸி
ஹெல்மெட்டும் கழற்றாமல் உள்ளே வந்து
பிள்ளையின் வாயைப் பார்த்தா.
பிறகு,
"கதவைச் சாத்துங்கோ. இப்ப உங்களைப் பாப்பம்."

ஐந்து கிழமையில்
அந்த 'உங்களை' முதல்தரம்.
நோகுதோ என்று அவ கேட்க முன்னமே
அழுது முடித்துவிட்டேன்.

"நீங்கள் அவவுக்குக் குடுக்கிறியள்,
அவ உங்களுக்குத் திருப்பித் தாறா.
ரெண்டு பேருக்கும் ஒரே நாளிலை தொடங்க வேணும்.
டொக்டரிட்டை நாளைக்கே போங்கோ,
களிம்போடை குளிசையும் தருவார்.
வெள்ளை போனாலும் விடாதேங்கோ."
வெளிக்கிடும்போது கொடியைக் காட்டிக் கேட்டா,
"உள்சட்டை எங்கை காயுது?"

எங்கே காயும்?
குளியலறைக் கதவுக்குப் பின்னால்,
துவாய்க்குக் கீழே,
ஆம்பிளைகள் கண்ணில் படாமல்,
காய்ந்தும் காயாமல்.
அம்மா அப்படி. நானும் அப்படி.

அடுத்த நாள் சோத்துப் பானையில்
என் உள்சட்டைகள் கொதித்தன.
நிமலரூபன் அகப்பைக் காம்பால் கிண்டினான்,
"உப்புக் காணுமோ?" என்று கேட்டான்.
பத்து மணி வெயிலில்,
ஒழுங்கையால் போகிற எல்லாருக்கும் தெரிய,
ஐந்தையும் வரிசையாகக் கொழுவினேன்.
மீன்காரன் சைக்கிள் மணியடித்தான்,
வழமையை விட ஒன்று கூட.
அடிக்கட்டும்.

அவளின் வாய்க்குச் சொட்டு, எனக்குக் களிம்பு,
காலையில் ஒரு குளிசை.
இருபது நிமிஷம் பதினைந்தானது.
நாலு நாள் அப்படியே நின்றது,
இனி இறங்காது என்று பயந்தேன்.
பிறகு எட்டு.
பிறகு எந்த நாள் நின்றது என்று தெரியாது,
மணிக்கூட்டின் பற்றறி செத்துக் கிடந்ததை
நிமலரூபன் சொல்லித்தான் கண்டேன்.

பேணி இன்னும் அரிசி வாளிக்குப் பின்னால்தான்.

நேற்றுக் குடித்துக்கொண்டிருந்தவள்
என்னை நிமிர்ந்து பார்த்துக் கடித்தாள்.
கத்தினேன். வாயைத் திறந்து பார்த்தேன்.
கீழ் முரசில் அரிசிக் குறுணல்போல ஒரு வெள்ளை.
விரலால் தட்டினேன்.
பல்.